தோத்துட்டோம்

மாலை ஏழு மணி வாக்கில் அப்பா வீட்டுக்குள் நுழைவார். சட்டைப் பையில் வேர்க்கடலைப் பொட்டலம் பாதி மிச்சம் இருக்கும். அது எனக்கும் தங்கைக்கும். அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "இன்னாச்சு?" என்பார். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார்:

"தோத்துட்டோம்."

"நீங்க எங்க ஆடுனீங்க? உக்காந்து கடலை தின்னுட்டுத்தானே வந்தீங்க?"

தொண்ணூறுகளில் எங்கள் பெரம்பூர் வீட்டில் லீக் சீசன் முழுக்க இந்த உரையாடல் நடக்கும். வார்த்தை மாறாது. எப்போதாவது "ஜெயிச்சுட்டோம்" என்று வந்தால்தான் அம்மாவுக்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியாது.

அப்பா ஐ.சி.எஃப்.பில் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை. 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை அது. சென்னை லீக்கில் அதற்கு ஒரு கால்பந்து அணி உண்டு. ரயில்வே, வங்கி, போலீஸ் என்று ஒவ்வொரு துறைக்கும் அப்போது அணி இருந்தது. இந்தியன் வங்கி தேசிய லீக் வரை போய் ஆடியது. பந்து நன்றாக ஆடும் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். காலையில் பஞ்ச் கார்டு, மாலையில் மைதானம். அப்பா ஆதரித்த அணியின் ரைட் பேக், அப்பாவோடு அதே கேன்டீனில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்குகிறவர். ஆகவே அப்பா "தோத்துட்டோம்" என்றதில் கவித்துவம் ஒன்றும் இல்லை. தன் ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை வீட்டில் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. என் அணியில் யாரோடும் நான் சாப்பிட்டதில்லை. 'தோத்துட்டோம்' என்பதன் கடைசியில் வரும் அந்த 'ஓம்' என் வாயில் வந்து சேர்வதற்குப் பல வருஷம் பிடித்தது.

தமிழில் ஒரு வசதி, அல்லது ஒரு வம்பு. யார் செய்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. வினைச்சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தெருவில் கிரிக்கெட் பார்த்தவர்களின் பேச்சை மட்டும் கவனித்தால் போதும். இந்தியா வென்றால் "ஜெயிச்சுட்டோம்டா!" தோற்றால் "தோத்துட்டானுங்க." ஒரே ராத்திரியில், அதே பதினொரு பேர், தன்மையிலிருந்து படர்க்கைக்குத் தள்ளப்பட்டுவிடுகிறார்கள். மரியாதையும் சேர்ந்தே போய்விடுகிறது. வீட்டிலும் இதுதானே? பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் "என் பையன்". பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தால் "உங்க பையன் என்ன பண்ணிருக்கான், வந்து பாருங்க."

ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் சகாக்களும் 1976-இல் இதை ஆராய்ச்சியாகவே எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் தங்கள் அணி ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாங்கள்' அதிகம், தோற்றதைச் சொல்லும்போது அது குறைவு. (அது அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபுட்பால். நம்முடையது அல்ல.) பாவம், ஆங்கிலத்தில் பிரதிப்பெயரை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தமிழில் என் அம்மா அடுப்படியில் நின்றபடியே கண்டுபிடித்திருப்பார்.

சென்னையின் எஃப்.சி. 2014-இல் வந்தபோது எனக்கு முப்பது வயது. இந்தியன் சூப்பர் லீக் என்ற புதுக் கடை திறந்த வருஷம் அது. துறை அணிகளின் காலம் ஏற்கெனவே மங்கியிருந்தது. இப்போது முதலாளிகள், ஏலம், டிவி, நீலச் சட்டை. உலகக் கோப்பை வென்ற இத்தாலியின் மாட்டராஸி பயிற்சியாளர், அவரே ஆடவும் செய்தார். பிரேசிலின் எலானோ அந்த சீசனில் எட்டு கோல் போட்டார். பெரியமேட்டுத் தோல் மண்டிகளைத் தாண்டி நேரு ஸ்டேடியத்துக்குள் கூட்டம் கூட்டமாக ஆள் போவதை அப்பா முதல்முறை பார்த்தார். "இவ்ளோ ஜனம் எங்கடா இருந்துச்சு இத்தன நாளா?" என்று கேட்டார். அவர் காலத்தில் அதே ஸ்டேடியத்தில் கேலரிக்கு ஒரு வரிசை நிறைந்தால் பெரிது.

முதல் சீசனிலேயே நான் தோல்வியைப் பார்த்தேன். ஆனால் அது வேறு வகை. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் 3-0 என்று கேரளா அடித்துவிட்டது. சென்னையில் மூன்றையும் திருப்பிப் போட்டார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் கேரளா ஒன்று போட்டது. முடிந்தது. வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருந்தது, ஆனால் உடம்பில் ஒரு திமிர் இருந்தது. இப்படித் தோற்பது வெற்றிக்குப் பக்கத்து வீடு. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் அட்டவணையின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மேலே வந்தது. டிசம்பரில் ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடம் கோவா 2-1 முன்னிலை. எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் காயாத நேரம் அது. டிவியை மேசைமேல் மேசை போட்டு வைத்திருந்தோம். 90-ஆவது நிமிடம் கோவாவின் கோல்கீப்பர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டுவிட, அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா மூன்றாவதைப் போட்டார். தெருவில் சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். ஜெயிச்சுட்டோம்! மூச்சு விடாமல் அந்த 'ஓம்'. 2018 மார்ச்சில் பெங்களூரு போய் பெங்களூருவையே 3-2 என்று வென்றபோதும் அப்படித்தான்.

அதுவரை அந்த விகுதிக்கு நான் காசு எதுவும் கொடுத்திருக்கவில்லை.

2018-19 சீசன். நடப்புச் சாம்பியன். பதினெட்டு ஆட்டத்தில் வெற்றி இரண்டு, டிரா மூன்று, தோல்வி பதின்மூன்று. ஒன்பது புள்ளி. கடைசி இடம். எண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டு ஆட்டத்தில் ரெஃப்ரியைத் திட்டினோம். அடுத்து கோச். அடுத்து, போன வருஷம் இரண்டு ஹெட்டர் போட்ட டிஃபெண்டரை ஏன் விட்டார்கள் என்று பேசினோம். அதற்கும் அடுத்து புல்தரையைப் பற்றி. நவம்பர் முடிவதற்குள் திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய்விட்டது. அப்புறம் என்ன செய்வது? பி ஸ்டாண்டில் தட்டிக்கொண்டே இருந்த டிரம்மைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த ரசிகர் கூட்டம் மட்டும் 0-2 என்றாலும் நிறுத்தவில்லை. சில நாள் எரிச்சலாக வரும். எழவு வீட்டிலும் மேளம் உண்டு, அதை மறந்துவிட்டேன்.

யாரையாவது குற்றவாளியாக்கிவிட்டால் தோல்வி செரித்துவிடும். அப்படி ஆள் கிடைக்காத தோல்வி வயிற்றிலேயே நிற்கும். நான் பார்த்த வரையில் தோல்விகளில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகை. யாரும் பெரிய தப்பு செய்யவில்லை, ஒரு கால் அரை நொடி தாமதம், எதிராளி நன்றாக ஆடினான். "அவன் நல்லா ஆடுனான்டா" என்று அப்பா சொல்வதைச் சிறு வயதில் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த சீசனில் ஒருநாள் ஆட்டம் முடிந்து சென்ட்ரல் பக்கம் நடந்தேன். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் லோக்கல் ரயில் பிடித்தால் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர். வழியில் டீக்கடை. கழுத்தில் நீலத் துண்டைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கேட்டார், "இன்னா தல, மேட்ச்சு இன்னாச்சு?"

"தோத்துட்டோம்ணா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அப்பாவின் குரல்போலவே இருந்தது, அதே இழுப்பு. கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு அவர், "வுடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்குக் கால்பந்தே தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் பாத்துக்கலாம் என்றாரே, அதில் அவரும் உள்ளே வந்துவிட்டார். 'நாம்' வேறு 'நாங்கள்' வேறு என்று பிரித்து வைத்திருக்கிற மொழி, வினையின் வாலில் மட்டும் இரண்டுக்கும் ஒரே 'ஓம்' வைத்திருக்கிறது. கேட்கிறவர் உள்ளே வரலாம், வெளியேயும் நிற்கலாம். கதவு ஒருக்களித்தே இருக்கும்.

இதை ஏதோ ஞானோதயம்போலச் சொல்லிவிட்டு நிறுத்த ஆசைதான். ஆனால் பிப்ரவரியில் நடந்ததையும் சொல்லவேண்டும். அந்த சீசனில் சொந்த மைதானத்தில் கிடைத்த ஒரே லீக் வெற்றி, அந்த வருஷம் கோப்பையை வெல்லப்போகிற பெங்களூருவுக்கு எதிராக, 2-1. நான் அங்கே இல்லை. தோல்வி அத்தனையையும் நேரில் பார்த்த நான், அன்றைக்கு மட்டும் மனைவியின் சித்தப்பா பெண்ணுக்கு வளைகாப்பு என்று காஞ்சிபுரத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனில் ஸ்கோர் பார்த்துவிட்டு மனைவியிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஜெயிச்சுட்டாங்களாம்."

அவள் சிரித்தாள். "ஏன், உங்க டீம் இல்லையா அது?"

பொறாமை. வேறொன்றும் இல்லை. அதுவரை அத்தனை தோல்வியையும் கட்டி இழுத்தவன் இல்லாத நேரத்தில், யாரோ ஜெயித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது: நான் அணியை ஆதரிக்கிறேனா, அல்லது அணிக்காகக் கஷ்டப்படுகிறவன் என்ற என் பட்டத்தையா? தோற்கும் அணியோடு நிற்பதில் ஒரு அகம்பாவம் உண்டு. ஜெயிக்கும்போது கூட்டத்தோடு வருகிறவனைப் பார்த்து உதட்டைச் சுழிக்கும் அகம்பாவம். விசுவாசம் என்று பெயர் வைத்தாலும் அது அகம்பாவம்தான். என்னோடு பி ஸ்டாண்டில் உட்கார்ந்த நண்பன் ஒருவன் அந்த வருஷத்தோடு வருவதை நிறுத்திவிட்டான். சனிக்கிழமை மாலைகளில் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறான். அவனைத் துரோகி என்று சொல்ல நான் யார்?

அதைவிடச் சிக்கலான கேள்வி, இந்த 'நாம்' யார் என்பது. ஆடுகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். கோச் மாறுகிறார். ஸ்பான்சர் மாறினால் சட்டையும் மாறுகிறது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் வியாசர்பாடி, 'குட்டி பிரேசில்' என்று பேர் எடுத்த இடம். அங்கே வளர்ந்த தனபால் கணேஷ் 2018 கோப்பை அணியில் இருந்தார். அவர் காலில் பந்து வந்தால் எங்கள் பகுதி கேலரியே எழுந்துவிடும். அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர், ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் மஞ்சளும் போட்டு ஆடினார். 2023 டுரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட கோலைக் கொல்கத்தா கொண்டாடியதைவிட எங்கள் டீக்கடை அதிகம் கொண்டாடியது. அவர் எங்கள் அணிக்கு எதிராக விங்கில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால்? வாய் "புடிடா அவன" என்று கத்தும். மனசு "போடா, போய்க்கினே இரு" என்று சொல்லும். அப்போது 'ஓம்' எந்தப் பக்கம்? எனக்கு இன்றுவரை விடை தெரியாது, தெரியவேண்டும் என்ற அவசரமும் போய்விட்டது.

இதற்கெல்லாம் நடுவில் வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் இன்னொரு இறுதி ஆட்டம், காலியான கோவா ஸ்டேடியத்தில், ஏ.டி.கே.விடம் 3-1 தோல்வி. அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடாமல் தொடங்கிய அணி அது. இறுதி வரை வந்ததே பெரிது. அடுத்த இரண்டு சீசனும் எல்லா ஆட்டமும் கோவாவில், ரசிகர் இல்லாமல். இரண்டிலும் எட்டாவது இடம். முதல் வருஷம் இருபது ஆட்டத்தில் பதினொன்று டிரா. டிவியின் முன் அப்பாவும் நானும். டிரா என்பது தோல்வியைவிடக் கொடுமை என்பேன் நான். "ஒன்னும் ஆவலல்ல, அது போதும்" என்பார் அப்பா. அந்த வருஷம் வீட்டில் எதுவும் ஆகாமல் இருந்தால் போதும் என்ற நிலைதான்.

எனக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை இருந்தது. பள்ளிக்கூடமே இல்லாத வருஷத்தில் யார் நோட்டு வாங்குவார்கள்? 2021-இல் ஷட்டரை இறக்கினேன். கேட்டவர்களிடமெல்லாம் "கொரோனால கடை போயிடுச்சு" என்றேன். இந்த வினையும் கவனிக்கத் தக்கது. போயிடுச்சு. கடைக்குக் கால் முளைத்து அதுவாகப் போன மாதிரி. தமிழில் நாம் நம் சறுக்கல்களை எல்லாம் அஃறிணையில்தான் சொல்கிறோம்: கல்யாணம் நின்னுடுச்சு, கடன் ஆயிடுச்சு, வேலை போயிடுச்சு. உண்மை என்னவென்றால் கொரோனாவுக்கு ஒரு வருஷம் முன்பே கலர் மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்துக் கழுத்தளவு மாட்டியிருந்தேன். வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். மெஷின் தானாக வரவில்லை, நான்தான் போய்க் கொண்டுவந்தேன். முன்பணம் அப்பாவின் ஓய்வுப் பணத்திலிருந்து.

ஒருநாள் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடமும் அதே பாட்டைத் தொடங்கினேன். கடை போயிடுச்சு மாமா. ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்:

"மூடிட்டோம்னு சொல்லுடா."

மூடிட்டேன் என்று சொல்லச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். மாமா டீயை ஊதிக் குடித்தார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சீசன்கள் போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மறுபடி எட்டாவது. ஒரு வருஷம் ஆறாவது, பிளே-ஆஃப். அடுத்த வருஷம், 2024-25-இல், பதின்மூன்று அணிகளில் பதினோராவது. மகன் மான்செஸ்டர் சிட்டி பக்கம். ராத்திரி விழித்திருந்து பார்த்துவிட்டுக் காலையில் "ஜெயிச்சோம்பா" என்பான். மான்செஸ்டர் இங்கிலாந்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. அந்த சிட்டியும் அதே 2024-25-இல் வரிசையாகத் தோற்கத் தொடங்கியது. அவன் என்ன சொல்கிறான் என்று காத்திருந்தேன். "தோத்துட்டானுங்க." அப்பா என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது. கேன்டீனும் கிடையாது, காஞ்சிபுரம் புளியோதரையும் கிடையாது அவனுக்கு.

2025 ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிவதாக இருந்தது, புதியது கையெழுத்தாகவில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. வருஷம் முடியும்வரை லீக் தொடங்கவில்லை. தோற்பதற்குக்கூட அணி இல்லாத மாலைகள். "மேட்ச் எப்போடா?" என்று அப்பா கேட்பார். "பேசிக்கிட்டு இருக்காங்கப்பா." மறுவாரமும் கேட்பார். அந்த வருஷம் ஐப்பசி மழை நாட்களில் எனக்கு வந்த வெறுமையை யாரிடமும் விளக்க முடியவில்லை. பதினோராவது இடம்தானே கிடைத்தது, போனால் போகட்டும் என்று எவரும் கேட்கலாம். பல்வலி நின்ற பிறகும் நாக்கு அந்த இடத்தையே போய்த் துழாவுமே, அதுபோல என்று சொல்லலாமா? சரியாக வரவில்லை. வலி மட்டுமா அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அப்பாவுக்கு முட்டி வலி, நேரு ஸ்டேடியத்தின் படிகளெல்லாம் இனி ஏற முடியாது. வண்டியின் பின்னால் அவரை உட்காரவைத்து, முன்னால் மகனை நிறுத்திக்கொள்ள முடியாத வயது என்பதால் அவனைச் சைக்கிளில் வரச்சொல்லி, பக்கத்து ஏரியா மைதானத்தில் நடந்த ஒரு செவன்ஸ் ஆட்டத்துக்குப் போனோம். புல் இல்லாத தரை, பாதி சேறு. பச்சைச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஆட்டம். ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. வெள்ளை இடைவேளைக்குள் மூன்று வாங்கிவிட்டது. அவர்களுடைய கோல்கீப்பர் பையனுக்குப் பதினாறு வயது இருக்கும், இடது கையில் மட்டும் கிளவுஸ். அவன் ஒரு பந்தை முழங்காலால் தட்டிவிட்டபோது அப்பா எழுந்து நின்று கை தட்டினார். முட்டி வலி எங்கே போனதோ.

"தாத்தா, நம்மளுது எந்த டீமு?" மகன் கேட்டான்.

"வெள்ள."

"எப்பத்துலேர்ந்து?"

"ரெண்டாவது கோலு வாங்குனாங்க பாரு, அப்பத்துலேர்ந்து."

நான்காவதும் விழுந்தது. அதோடு விசில். அப்பா கடலை வாங்கினார், பாதியைத் தின்றுவிட்டு மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். மூன்று பேர் காலிலும் இருந்த சேற்றைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினி?"

"நாலு."

"அடேங்கப்பா. கால கழுவிக்கினு உள்ள வாங்க."